பாதியில் நின்ற முள்

— வாங்க தங்கச்சி. அந்தக் கதிரையில இரிங்க, மீட்டரை நான் பிடிச்சிக்கிறன்.

— வேணாம் தாஸிம் நானா, நின்னே பாக்கிறேன். வேன்ல இருந்து கழட்டி, பைப் துண்டோட அப்படியே கொண்டாந்திருக்கேன். இந்த ஹீட் மீட்டர் வேலை செய்யுதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. பிலிமத்தலாவையில வயர் வேலைக்கு நீங்கதான்னு எல்லாரும் சொன்னாங்க.

— எந்த வேன்?

— எங்க வேன்தான். ஆடி மாசம் கடுகண்ணாவை ஏத்தத்துல என்ஜின் கொதிச்சு, இறுகி நின்னு, பின்னால உருண்டு பள்ளத்துல... என் வீட்டுக்காரர் ஜனார்த்தனன் அங்கேயே போயிட்டாரு. மக டிலானிக்கு வலது கால் போச்சு.

— யா அல்லாஹ்.

— சூடு ஏறினா இந்த முள்ளு சிவப்புக்குப் போகணுமில்ல? அப்பா அதைப் பாக்காமலே ஓட்டினாருங்கிறா மக. பதினாலு வயசு. அவரு படத்துக்கு ஒரு பூ வைக்க விடமாட்டேங்குறா. என் காலை எடுத்தது அவருதாங்கிறா. முள்ளைப் பாக்காம ஓட்டுற ஆளா அவரு, சொல்லுங்க நானா?

— சரி. இந்த ரெண்டு வயரும் பெட்டரிக்கு. மூணாவது, பைப்புல பூட்டி இரிக்கிற சென்சருக்கு. ஏர்த் கிளிப்பை நேரா சென்சர்ல மாட்டுறன். இந்தா, கேத்தல்ல கொதிக்கிற தண்ணியில முக்கிட்டன். முள்ளைப் பாருங்க.

— ஏறுது... ஏறுது நானா. சிவப்புக்கே போயிருச்சு.

— மீட்டர்ல பழுது ஒண்டும் இல்ல.

— அப்ப மக சொன்னதுதான் சரி. மூணு மாசமா அவருக்காக அவகிட்ட சண்டை போட்டேன். காலில்லாத புள்ளய அடிக்கக் கூட கை ஓங்கினேன் நானா. குடுங்க, போறேன்.

— பொறுங்க தங்கச்சி.

— என்ன நானா, குடுக்காமப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறீங்க?

— போவாதீங்க. நான் செஞ்சது சரியான சோதனை இல்ல. வண்டியில ஏர்த் நேரா சென்சருக்கு வாறதில்ல. பைப்புக்கு வந்து, சென்சரைத் திருகுற இந்த மரை வழியாத்தான் சென்சருக்குப் போவும். இப்ப கிளிப்பைப் பைப்புல மாத்துறன். அதே கொதிதண்ணி. பாருங்க.

— ஐயோ, பாதியிலயே நிக்குது!

— மரையில வெள்ளை டேப் சுத்தி இரிக்கி, பாத்தீங்களா? தண்ணி ஒழுகாமச் சுத்தினது. அது இரும்பை இரும்போட சரியா ஒட்ட விடாது. என்ஜின் எவ்வளவு கொதிச்சாலும் முள்ளு பாதியைத் தாண்டாது.

— அப்ப... அவரு பாத்திருக்காரு.

— பாத்துப் பாத்துத்தான் ஓட்டி இரிக்காரு. முள்ளுதான் பொய் சொல்லி இரிக்கி.

— டிலானியக் கூட்டிட்டு வர்றேன் நானா. அவ கண்ணால பாக்கட்டும். ஆனா இது உங்களுக்கு முன்னமே தெரியுமில்ல? பிறகேன் முதல்ல கிளிப்பை நேரா மாட்டுனீங்க?

— பயந்துட்டன்.

— இதுல உங்களுக்கு என்ன பயம்?

— புள்ளயக் கூட்டி வாங்க, தங்கச்சி. அவட மொகத்தைப் பாத்து நானே சொல்றன். போன நோம்பு மாசம், ஒரு சொட்டும் ஒழுகக் கூடாதுன்னு டேப்பை ரெண்டு சுத்து கூடவே சுத்தி, உங்க வேன்ல அந்த சென்சரைப் பூட்டினவன் நான்தான்.