கால்மாட்டில் நிற்காத மருத்துவர்

இந்த நினைவுக் கூட்ட மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் அவர்களே, மருத்துவப் பெருமக்களே, ஆட்டோ வேண்டாமென்று பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வந்திருக்கும் எங்கள் நோயாளிகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

நான் வெங்கடேஸ்வரி. ரத்தநாள மருத்துவர் ஞானரத்தினம் அவர்களிடம் பன்னிரண்டு ஆண்டுகள் ஸ்கேன் இயந்திரம் இயக்கியவள். அவரிடம் நான் திட்டு வாங்காத நாளெல்லாம் லீவு நாள்தான்!

காலுக்கு ரத்தம் குறைந்தவர்களின் கெண்டைக்கால் தசை என்ன பாடு படுகிறது என்பதை, கத்தியில்லாமல், ஊசியில்லாமல், காந்த ஸ்கேனிலேயே அளந்து சொன்னவர் அவர். உள்ளே படுத்தபடி நோயாளி மரப் பெடலை மிதிக்க வேண்டும். தசையில் சேர்ந்திருக்கும் சத்து, தொட்டித் தண்ணீர்போல இறங்கும். மிதிப்பதை நிறுத்தியதும் அது திரும்ப நிரம்புவது திரையில் தெரியும். நிரம்பத் தாமதமானால் ரத்தம் போதவில்லை என்று பொருள்.

சோழபுரம் மாடத்தியம்மாளை நான் மறப்பேனா? ஐம்பது எட்டு வைத்தால் கால் பிடித்துக்கொள்ளும். "களையெடுக்கச் சோம்பேறித்தனம், சும்மா நடிக்கா" என்று வீட்டிலேயே பேச்சு. ஸ்கேனும் அதற்கு ஒத்து ஊதியது. தொட்டி இறங்கவே இல்லை! "தசை நல்லா இருக்கு டாக்டர்" என்று தாளை நீட்டினேன். கையெழுத்துப் போட்டாரா? நான்கு நாள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தார்.

ஐந்தாம் நாள் அந்த அம்மாவிடமே கேட்டார்: "ஏம்மா, பெடல நல்லா மிதிச்சியளா?"

"எப்பிடிய்யா மிதிக்க? கால்மாட்டுல நீங்கல்லா நிக்கிய! பெரிய மனுசன் மூஞ்சிக்கு நேரா காலை நீட்டி எத்தவா?"

எப்படிச் சிரித்தார் தெரியுமா! உடனே அம்மாவை மறுபடி ஸ்கேனில் படுக்கவைத்து, தலைமாட்டுக்கு வந்து நின்றுகொண்டார். "இப்ப மிதிங்க, பாப்போம்." அம்மா மிதித்த மிதியில் தொட்டி காலியானது. நிரம்பவோ மும்மடங்கு நேரம் பிடித்தது. அடைப்பைக் கண்டுபிடித்து நீக்கினார், கால் பிழைத்தது. அன்று என் தாளில் கையெழுத்திட்டிருந்தால்?

அதன்பிறகு அவர் ஒருநாளும் கால்மாட்டில் நின்றதில்லை.

முந்தாநாள் அவரைப் பெட்டியில் கிடத்தியிருந்தபோது, நாமெல்லாம் முகம் பார்க்க முண்டியடித்தோம். மாடத்தியம்மாள் மட்டும் கால்மாட்டில் போய் நின்றார். "நான் இங்கனயே நிக்கேன்யா. எம் மூஞ்சின்னு பாக்காதீய. ஒரு மிதி மிதிச்சு எந்திரிச்சிருங்க" என்று அழுதார்.

டாக்டர், திங்கட்கிழமை மூன்று பேர் ஸ்கேனுக்கு வருகிறார்கள். நான் தலைமாட்டில் நிற்பேன். "நல்லா மிதிச்சியளா?" என்று கேட்காமல் இனி ஒரு தாளையும் யாரிடமும் நீட்ட மாட்டேன்.