பதினாலாம் வரி

"யாரு பேரு முதல்ல வரணும்னுதான் இப்பச் சண்டையே. பேங்காக்காரரு பேரு முதல்ல வந்தா போகோர்காரரு கையெழுத்துப் போட மாட்டாராம். போகோர்காரரு பேரு வந்தா பேங்காக்காரரு கூட்டத்துக்கே வரமாட்டாராம். ரெண்டு பேரும் டாக்டருங்க. கெழங்குக்கு டாக்டர். நடுவுல நான் யாரு? ஃபைல் அடுக்கி டைப் அடிக்கிற பிலோமினம்மாள். எங்கிட்ட வந்து நியாயம் கேக்குறாங்க... சொல்லுங்க."

சொல்ல சிவகாமசுந்தரிக்கு இடம் எங்கே? அவள் சிங்கப்பூர் தோ பாயோவில் பிலோமினம்மாள் இருக்கும் அதே மாடிக்குக் குடிவந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. தேக்காவில் பஸ் ஏறியபோது, பக்கத்து வீட்டு அம்மாவாயிற்றே என்று, "வேலையெல்லாம் எப்படிங்க?" என்று கேட்டுவிட்டாள். அதோடு சரி. ஜன்னலோரம் அவள், அவள் எழுந்து போகும் வழியை அடைத்துக் காய்கறிப் பையோடு பிலோமினம்மாள்.

"எங்க ஆபீஸ் மரவள்ளிக்கெழங்கு ஆராய்ச்சி. அஞ்சு நாட்டுல நிலையம் இருக்கு, தாய்லாந்துல பேங்காக், இந்தோனேசியாவுல போகோர், இப்பிடி. இங்க ஒரு செடி கெடையாது லா, நட எடம் ஏது? டெலெக்ஸும் ஏர்போர்ட்டும் நல்லா இருக்குன்னு தலைமை ஆபீஸ மட்டும் இங்க வச்சுட்டாங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மரவள்ளில செய்யிற ஊபி காயு கேக்குதான். அதுவும் இப்ப டாக்டர் திங்கக் கூடாதுன்னுட்டாரு. இது நெச டாக்டர், பாலிகிளினிக்ல. கால் வீங்குதுன்னு போனேன்... அது கெடக்கட்டும். என்ன சொன்னேன்? ஆங், சீர்திருத்தம். அஞ்சு பேரும் ஒரே பரிசோதனையத் தனித்தனியாப் பண்றாங்க. ஒருத்தர் கண்டுபிடிச்சத இன்னொருத்தருக்குச் சொல்றதில்ல. பணம் குடுக்குற நாடுங்க பாத்துச்சு. ஒண்ணா வேலை செய்யுங்க, இல்லாட்டி இழுத்து மூடுங்கன்னுருச்சு. ஒண்ணு சேத்து வைக்க ஒரு ஆளு வேணும்ல? அந்த ஆளு நானாம். மூணு மாசமா நாந்தான்."

சிவகாமசுந்தரியின் புருவம் உயர்ந்தது. பிலோமினம்மாளுக்கு அது போதும்.

"நம்ப மாட்டீங்க. நானே நம்பல. கோயில்ல மாதர் சங்கத்துல அந்தோனியம்மாளுக்கும் அல்போன்சம்மாளுக்கும் பீடத்துக்குப் பூ வைக்கிறதுல ஆறு வருசச் சண்டை. ஆளுக்கொரு பக்கம் வைங்கன்னு நாந்தான் தீத்து வச்சேன். அதையேதான் இங்கயும் செஞ்சேன். போகோர் கெழங்க பேங்காக்ல நடுங்க, பேங்காக் கெழங்க போகோர்ல நடுங்க, எது நல்லா வந்தாலும் ரெண்டு பேரு பேரும் போடுவோம்னு எழுதினேன். ரெண்டே நாள்ல சம்மதம்னு டெலெக்ஸ். பத்து வருசமா டைரக்டரால முடியாதது. ஆனா யாரு பேரு முதல்லன்னு எழுத மறந்துட்டேன். அதான் இந்த வினை."

பஸ் பாலஸ்டியரைத் தாண்டியது. பிலோமினம்மாள் பையை மடிக்கு மாற்றிக்கொண்டாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

"எனக்கு ஏன் குடுத்தாங்கன்னுதானே பாக்குறீங்க? டைரக்டர் ஹாலந்துக்காரரு. சீர்திருத்தத் திட்டத்தக் கையால எழுதி, டைப் அடிச்சு அஞ்சு நாட்டுக்கும் அனுப்புன்னு குடுத்துட்டு நாலு மாச லீவுல ஊருக்குப் போயிட்டாரு. பதிமூணாவது வரி, எல்லா நிலையத்தையும் ஒண்ணுசேக்க ஒரு பொறுப்பாளர் வேணும். பதினாலு, டெஸ்பாட்ச் வேலைக்குத் தனி ஆளு தேவையில்ல, எடுத்துரலாம். பதினஞ்சு, மேற்கண்ட வேலைய இனிமே பிலோமினம்மாள் பாத்துக்கணும்.

டெஸ்பாட்ச் வேலைன்னா அப்துல் கஃபார் அண்ணன். அங்கங்கேருந்து வந்து எறங்குற கெழங்குக் குச்சிய அஞ்சு நாட்டுக்கும் அனுப்ப நனைச்ச பேப்பர்ல சுத்தி ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோறவரு. ஒரு தடவ அவரு லீவு, வேற ஆள வச்சு அனுப்பினாங்க. மணிலா போயிச் சேந்தது வெறகுதான். ரிட்டயராக இன்னும் மூணு வருசம் இருக்கு. நான் திட்டத்த டைப் அடிச்ச அன்னிக்கி அவரு எனக்குப் பால் போடாத டீ, தே ஓ வாங்கி வந்து மேசையில வச்சுட்டுப் போறாரு. நான் அவரத் தூக்குற வரிய அடிக்கப் போறேன்..."

பிலோமினம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"நான் அடிக்கல. பதினாலாவது வரிய விட்டுட்டேன். பதினஞ்சப் பதினாலா ஆக்கினேன். அத அடிக்கிறப்ப மேல என்ன வரி இருக்குன்னு பாக்கல. மாதாவே, பாத்திருக்கணும்ல? மேற்கண்ட வேலைன்னா அந்தப் பொறுப்பாளர் வேலைன்னு ஆயிருச்சு. அஞ்சு நாட்டுக்காரங்களும் உடனே சரின்னு டெலெக்ஸ் அடிச்சுட்டாங்க. அந்தப் பொறுப்புக்கு அடுத்த நாட்டு டாக்டர் வந்துட்டா ஆளாளுக்குத் தாங்காதாம். சிங்கப்பூர்ல ஒரு அம்மா, ரொம்ப நல்லதுன்னு எழுதியிருக்காங்க."

சிவகாமசுந்தரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காதீங்கம்மா. டைரக்டர் இன்னிக்கிக் காலையில வந்துட்டாரு. என்னக் கூப்பிட்டு, நான் எழுதினது எங்கன்னாரு. எடுத்துக் குடுத்தேன். நாந்தான் விட்டேன், வேணும்னுதான் விட்டேன்னு சொல்லிட்டேன். கஃபார் அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னும் சொன்னேன். அவரு அஞ்சு டெலெக்ஸையும் திரும்பத் திரும்பப் படிச்சாரு. அப்புறம், எல்லாரும் ஒத்துக்கிட்டத நான் எப்படி மாத்துறது, பொறுப்பாளர் நீங்கதான், டெஸ்பாட்ச் வேணுமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்கன்னாரு. வேணும்னேன். எழுதிக்கிட்டாரு."

தோ பாயோ வந்தது. பிலோமினம்மாள் மணியை அழுத்தினாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"அதோட விட்டிருக்கலாம்ல? இனிமே என் கடுதாசிய நானே டைப் அடிச்சுக்குறேன்னுட்டாரு. இருவது வருசமா அடிக்கிறேன், இந்த ஒரு வரிதான் விட்டிருக்கேன். அதுக்கு இப்பிடி ஒரு பேச்சு. மத்தியானம் எட்டிப் பாத்தேன். ரெண்டு வெரலால அடிக்கிறாரு. பக்கத்துக்கு எத்தன வரி விட்டுப்போகுமோ, யாரு தலையில யாரு வேலை வந்து விடியுமோ."