கிரேக்க வகுப்பில் அக்காவுக்கும் இடம் வேண்டும்

தலைமை ஏற்று, கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் நூலகக் குழுத் தலைவர் ஐயா அவர்களே, ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்தை எங்கள் நாவில் ஏற்றிவைத்த கிரேக்க ஆசிரியர் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, வேலை முடித்த களைப்போடு வந்து, வீட்டு வேலை காத்திருப்பதையும் மறந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, இடமின்றிச் சுவரில் சாய்ந்து நிற்கும் அன்பர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மைக்கைக் கிட்டே வைக்கச் சொல்கிறீர்கள். வைத்துவிட்டேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். பட்டம் வாங்கிய மேடையிலும் வாய் திறக்காதவள். இன்று திறக்கிறேன் என்றால், அது என் அக்காவுக்காக.

இந்நூலகத்தின் மாடியில் நடக்கும் கிரேக்கத் தொடக்கநிலை வகுப்பில் பட்டதாரிகள் மட்டுமே சேரலாம் என்பது விதி. இன்றைய நூலக ஆண்டுவிழா முடிந்ததும் குழு கூடுகிறது; அந்த விதி இனியும் வேண்டுமா என்று முடிவு செய்யப்போகிறது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட என் அக்கா அந்த அறைக்குள் அமரலாமா, வாசலிலேயே நிற்க வேண்டுமா? இதுதான் நான் சுமந்து வந்திருக்கும் கேள்வி.

தூண் ஓரத்தில் ஓர் ஐயா முணுமுணுக்கிறார்: "கிரேக்கம் படிச்சு என்ன கிடைக்கும்?" பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றும் எங்கள் அப்பாவும் இதைத்தான் கேட்டார்.

"அதை இப்ப யாரு பேசுறா?"

"அந்தக் காலத்துப் பேச்சை இப்ப யாரும் பேசுறதில்லப்பா. பேசுனவங்க எல்லாம் போய்ச் சேர்ந்துட்டாங்க."

"போய்ச் சேர்ந்தவங்களோட பேசவா உன்னை இவ்வளவு படிக்க வெச்சேன்?"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஆமாம், அதற்குத்தான் படிக்கிறேன். அந்தக் காலக் கிரேக்கத்தில், குடித்த கிண்ணத்தின் அடியில் தன் பெயரைக் கீறி வைத்தவன் ஒருவன் இருந்தானே, அவன் யாருக்காகக் கீறினான்? இறந்த குழந்தையோடு அதன் பொம்மையையும் புதைத்தாளே ஒரு தாய், அவள் என்ன நினைத்துப் புதைத்தாள்? படித்தால் பணம் வருமா? வராது. பதவி வருமா? வராது. பார்க்காத கடல்மேல் ஓர் ஏக்கம் வரும். பிறக்காத ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று நெஞ்சு நினைக்கும். அந்த ஏக்கம் எனக்கு வந்தது பாடத்தால். என் அக்காவுக்கு வந்ததோ ஓர் இயந்திரத்தால்.

எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள் அக்கா. எங்கள் பாடத் தாள்கள் எல்லாம் அவள் எடுத்துத் தந்த நகல்கள். ஒருநாள் ஆசிரியர் ஒரு படத்தைக் கொடுத்தனுப்பினார். ஒருகாலத்தில் கிரேக்கர் ஆண்ட எகிப்தின் மணலில், பழைய குப்பைமேட்டில் கிடைத்த பாப்பிரஸ் என்னும் நாணல் தாள். அதில் ஒரு கிரேக்கப் பாட்டு. ஓரமெல்லாம் கிழிசல், நடுவெல்லாம் ஓட்டை. அக்கா நகல் எடுத்தாள். பார்த்தாள். இயந்திரத்தின் கண்ணாடியைத் துடைத்து மறுபடி எடுத்தாள். மைப்பெட்டியைக் கழற்றிக் குலுக்கிப் போட்டு மறுபடி எடுத்தாள். அதே ஓட்டை. "பேப்பர் என்ன மரத்துலயா காய்க்குது?" என்று கடைக்காரர் கத்தினார். மரத்திலிருந்துதானே வருகிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாளாம்.

கடைசியில் மாடியேறி, வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. மெஷின் மக்கர் பண்ணுது. நடுவுல நடுவுல எழுத்து விழல. ஒரிஜினல் இருந்தா குடுங்க, வேற கடையில எடுத்துட்டு வந்துடறேன்."

வகுப்பே சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை.

"மெஷின் நல்லாத்தான் இருக்கும்மா. ஒரிஜினலே அவ்வளவுதான். மிச்சம் மண்ணோட மண்ணாப் போயிடுச்சு."

"அதுல என்ன சார் எழுதியிருக்கு?"

"ஒருத்தி கரையில நிக்கிறா. கப்பல் வருதான்னு பார்க்கிறா."

"வந்துச்சா?"

"தெரியாதும்மா. அந்த வரி கிழிஞ்சு போச்சு."

அக்கா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதும் கேட்டாள், "ஏண்டி, மிச்சத்தை யாராவது தேடுறாங்களா?"

"தேடிக்கிட்டுத்தான் இருக்காங்கக்கா."

"நமக்கும் அந்த எழுத்துத் தெரிஞ்சா தேடலாம், இல்ல?"

அன்று தொடங்கியது. வீணான நகல்களின் பின்பக்கத்தில் ஆல்ஃபா எழுதினாள், பீட்டா எழுதினாள். பாதி தலைகீழாக எழுதினாள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மாலையில் தாள்களைக் கொண்டுவந்து கொடுப்பாள். கொடுத்தாயிற்று, போகலாம். போக மாட்டாள். கதவோரம் நின்று கேட்பாள். ஒருநாள் ஆசிரியர் "உள்ள வந்து உட்காரும்மா" என்றார். அந்த நேரம் பார்த்து அலுவலக மேலாளர் வந்துவிட்டார்.

"டிகிரி இருக்கா?"

"இல்ல சார். வேலைதான் இருக்கு."

"அப்ப வேலையப் பாரு."

இறங்கிப் போய்விட்டாள். அதன்பின் தாள்களைக் கீழே மேசையிலேயே வைத்துவிடுகிறாள்.

பெரியோர்களே, பலகையில் நாம் எழுதியிருப்பது 'தொடக்கநிலை' என்றுதானே? தொடங்குவதற்கு எதற்குத் தகுதி? தெரியாததைத் தெரிந்துகொள்ள வருகிறவளிடம், தெரிந்ததற்குச் சான்று கேட்கலாமா? முதல் நாள் அந்த அறையில் ஆல்ஃபா அறியாமல் அமர்ந்தேனே, அந்த அறியாமையில் எனக்கும் அவளுக்கும் என்ன வேறுபாடு?

தலைவர் ஐயா ஏதோ சொல்கிறார். "பார்க்கலாம்மா" என்கிறார்.

ஐயா, அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தவள் என் அக்கா. திரும்பப் பள்ளிக்கூடம் போகட்டுமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார் அப்பா. தபால் வழியிலாவது படிக்கட்டுமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார் அம்மா. எப்போது என்று கேட்டாள். தங்கச்சி முடிக்கட்டும், பார்க்கலாம் என்றார்கள். தங்கச்சி முடித்துவிட்டேன், ஐயா.

கைதட்ட வேண்டாம். அந்தக் கைகளால் எனக்கு வேறொரு வேலை ஆக வேண்டும். பழைய ஏதென்ஸ் நகரத்தார் ஒரு குன்றின்மேல் கூடி, கையுயர்த்தி முடிவெடுப்பார்களாம். அந்தக் குன்றில் பெண்களுக்கு இடமில்லை என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த மன்றத்தில் எல்லோருக்கும் இடமுண்டு. என் அக்கா அந்த அறைக்குள் அமரலாம் என்று எண்ணுகிறவர்கள் கையை உயர்த்துங்கள்.

தாய்மார்களே, முதலில் நீங்களா? நன்றி. தூண் ஓரத்து ஐயா, நீங்களுமா? நன்றி, நன்றி. கிரேக்க ஆசிரியர் இரண்டு கையையும் தூக்குகிறார். ஒன்று போதும், ஐயா. தலைவர் ஐயாவின் கை மேசைமேல்தான் இருக்கிறது. ஆனால் உதடு அசைகிறது; எண்ணுகிறார்.

விழாத் தாள்களைக் கொடுக்க வந்து, கொடுத்த பின்னும் போகாமல், பின்வாசலில் நிற்கிறாள் என் அக்கா. எல்லோரும் எதற்குக் கை தூக்குகிறார்கள் என்று பார்க்கிறாள். அக்கா, உனக்குத்தான். நீயும் தூக்கலாம்.

மெதுவாகத் தூக்கு. பரவாயில்லை, விரலில் மை இருக்கட்டும்.

எண்ணுங்கள் ஐயா, அந்தக் கையையும் சேர்த்து எண்ணுங்கள். கேட்டிருந்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, வணக்கம்.