அஞ்சுல மூணு

— பொய் சொல்லாதீங்க தம்பி. எங்கூட்டுக்காரருகிட்டப் பாவம் பாத்துத் தோத்துக் குடுக்கறீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.

— அன்புக்கா, மொதல்ல உக்காருங்க. மல்லசமுத்திரத்துல இருந்து இந்த வெயில்ல செவ்வாய்ப்பேட்டைக்கு வந்திருக்கீங்க. கீழ கடைல சொல்லி டீ வாங்கட்டா?

— டீயெல்லாம் வேண்டாங்க. டூட்டிக்குப் போறேன்னு அவருகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கறேன். நாளைக்குக் காத்தால ஆஸ்பத்திரில பெட்டு போட்டு வெச்சிருக்காங்க. ரெண்டு வெரல எடுத்தே ஆகோணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. இல்லீன்னா கையே போயிருமாம். இவரு என்னடான்னா, என்ர கை நல்லாயிட்டு வருது, நீயே கேமு ராங்க்கப் பாருன்னு டிவியக் காட்டறாரு.

— ராங்க்கு ஏறித்தான் இருக்குக்கா. கோல்டு படில கெடந்தவரு, இப்ப டைமண்டு படி.

— ஏறாம என்ன பண்ணும்? சேக்காளிக எல்லாம் வரிசையா நின்னு தோத்துக் குடுத்தா ஏறத்தான செய்யும். போர் போடற ரிக்கு வண்டில ராடு மாட்டறப்ப நசுங்குன கை அதுங்க. சக்கர வியாதி வேற இருக்குது. மாசக்கணக்கா புண்ணு ஆறல. அந்தக் கைய வெச்சுட்டு அந்த மனுசன் சண்ட கேமுல செயிக்கறாருன்னா, கேக்கறவங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது?

— அக்கா, அந்த ராங்க்கு எப்படி ஏறுதுன்னு உங்களுக்குத் தெரியாது. சொல்றேன், பொறுமையா கேளுங்க.

— சொல்லுங்க. அதுக்குத்தான வந்தேன்.

— நெட்டுல ஆடப் போனா, யாரோட ஆடறதுன்னு நாம முடிவு பண்ண முடியாது. அதுவே ஆளப் புடிச்சுக் குடுக்கும். நம்ம அளவுக்கு யாரு இருக்கானோ அவன. ஜெயிச்சா அவன் பாயிண்டுல கொஞ்சம் நமக்கு வரும். நம்மள விடப் பெரிய கைய அடிச்சா நிறைய வரும். சின்னவன அடிச்சா சும்மா ரெண்டு மூணு வரும். அதே சின்னவன்கிட்டத் தோத்தோம்னா, கொத்தாப் போயிடும்.

— ம்.

— அடி பட்டு வந்தப்ப அண்ணன் தோத்துத் தோத்துக் கீழ போனாரு. போயி, எந்த எடத்துல ரெண்டு ஆட்டத்துக்கு ஒண்ணு ஜெயிக்க முடிஞ்சுதோ அங்க நின்னாரு. அதுக்கு மேல ஒரு படி ஏறணும்னா நெசமாவே நல்லா ஆடித்தான் ஏறணும்.

— எங்க முட்டைக் கம்பெனில பண்றாப்பலதான். மிசினு எட போட்டு, இந்த எடைக்கு இந்தத் தட்டு, அந்த எடைக்கு அந்தத் தட்டுன்னு தள்ளி உட்டுரும்.

— கரெக்டா சொன்னீங்க. அது ஆள் மூஞ்சியப் பாக்காது.

— எடையத்தான் பாக்கும். உள்ளுக்குள்ள கெட்டுப் போயிருக்குதான்னு பாக்காது. அதுக்குத்தான் எங்களப் போட்டிருக்காங்க.

— அது இருக்கட்டுங்கா. நான் சொல்ல வர்றது என்னன்னா, அவருக்கு எதுக்கால ஆடறவன் மணிலால இருப்பான், ரியாத்துல இருப்பான். அவனுக்கு மாதேஸ்வரன்னு ஒருத்தர் இருக்காரு, ரிக்குல கை போச்சுன்னு தெரியுமா? எவனும் பாவம் பாக்க மாட்டான் அங்க. நம்ம சேலத்துப் பசங்க பத்துப் பேர் தோத்துக் குடுத்தாலும் டைமண்டு வராது.

— அப்ப நீங்க தோத்துக் குடுக்கவே இல்லீங்களா?

— மொதல்ல ஒண்ணு ரெண்டு வாட்டி குடுத்தேன். கைல கட்டோட உக்காந்திருந்தாரு, மனசு கேக்கல. அத அவரே கண்டுபுடிச்சு, செருப்பால அடிப்பேன்னு திட்டிட்டாரு. அப்புறம் பண்ணலக்கா. அல்லா மேல ஆணையா.

— தம்பி, எனக்கு அந்த நாயமெல்லாம் வேண்டாம். நேத்துப் பொழுதோட உங்களுக்கு என்ன சொல்லி அனுப்பிச்சாருன்னு எனக்குத் தெரியும். எம்முன்னாடிதான் வாய்ஸ் போட்டாரு.

— ஆமாக்கா. மூணு மணிக்கு ஆன்லைன்ல வா, அஞ்சுல மூணு நீ ஜெயிச்சுட்டா ஆஸ்பத்திரிக்கு வாரேன், நான் ஜெயிச்சா எவனும் எங்கிட்ட வெட்டறதப் பத்திப் பேசக் கூடாதுன்னாரு.

— அவரு வாக்கு குடுத்தா மாற மாட்டாருங்க. அது ஒண்ணுதான் இப்பத்திக்கு எனக்கு இருக்கற வழி. மாமியாக்காரி அழுது பாத்தாச்சு. ரிக்கு ஓனரு காளியப்பண்ணன் ஊட்டுக்கே வந்து சொல்லிப் பாத்துட்டாரு. யாரு பேச்சும் எடுக்கல. நீங்க செயிச்சாத்தான் என்ர புருசன் கை பொழைக்கும். அடிங்க. கெடந்து அடிங்க. பாவம் பாத்தீங்கன்னா உங்களக் கடைசி வரைக்கும் மன்னிக்க மாட்டேன்.

— ராங்க்குல அவர விட நான் ரெண்டு படி மேலக்கா. அடிச்சுடுவேன். எங்கத்தா பள்ளிவாசல்ல அசர் தொழுதுட்டு வர்றதுக்குள்ள முடிச்சுடலாம். நீங்க இப்படி, டிவி தெரியற எடத்துல உக்காருங்க.

— நான் இங்க இருக்கறது அவருக்குக் கேக்காதுங்களே?

— மைக்க ஆஃப் பண்ணிட்டேன். கேக்காது. நீலச் சட்ட போட்டவன் அண்ணன். இந்த மொட்டையன் நானு.

— ஏனுங்க, கைய ஒருக்கா நீங்க பாத்தீங்களா? வீடியோலயாவது?

— இல்லக்கா. கூப்பிட்டா வெறும் குரல்ல மட்டுந்தான் பேசறாரு. ஏன், நீங்க பாக்கலியா?

— கட்டு மாத்தறது அவரேதான். கதவச் சாத்திக்குவாரு. ரூமு பூரா ஊதுவத்தி. கிட்டப் போனா, வெரலாட்டறேன் பாருன்னு போர்வைக்கு அடில என்னமோ ஆட்டுவாரு.

— ஆரம்பிச்சாச்சுக்கா. இருங்க.

— அடிங்க.

— அடிக்கறேன்.

— செவுத்தோட சாத்திட்டீங்க. உடாதீங்க தம்பி, அப்படியே, அப்படியே.

— முடிஞ்சுது. ஒண்ணு நமக்கு.

— அப்பாடா. இன்னும் ரெண்டு வேணும்.

— அண்ணன் இன்னும் சூடாகல. அடுத்தது பாருங்க.

— என்னங்க இது, நீங்க பாய்ஞ்சு பாய்ஞ்சு போறீங்க, அவரு நின்ன எடத்துலயே நிக்கறாரு?

— அதாங்கா எனக்கும் ஒரு மாதிரி இருக்கு. முன்னெல்லாம் அண்ணன் அடிக்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு, பத்து அடி பன்னண்டு அடி சங்கிலி மாதிரி கோத்துக்கிட்டே வருவாரு. இப்ப காத்திருக்காரு. நான் தப்புப் பண்ற வரைக்கும் நின்னு, ஒத்த அடி. அவ்வளவுதான்.

— ஒத்த அடிக்கே உங்க உசுரு பாதி போயிருச்சே.

— போயிடுச்சு. ஒண்ணுக்கு ஒண்ணு.

— தம்பி.

— தெரியுதுக்கா. சும்மா பேசாதீங்க, கவனம் சிதறுது.

— சரி, பேசலீங்க.

— வா, வா, வா. இந்தா வாங்கிக்க.

— செயிச்சுட்டீங்களா?

— ரெண்டு. இன்னும் ஒண்ணே ஒண்ணு போதும்.

— சாமி. என் சாமி. பொழுது சாயறதுக்குள்ள ஊட்டுக்குப் போயி அவரு துணிமணிய எடுத்து வெக்கறேன். கோவத்துல மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு, பரவால்ல. ரெண்டு வெரலு போனாப் போகுது. மீதி கைல சோறு அள்ளித் திங்கலாம், புள்ளையத் தூக்கலாம். நான் கெடந்து அல்லாடற வெசனம் எனக்குத்தான் தெரியும்.

— வேணாங்கா, இன்னும் முடியல. இருங்க.

— ஏன், ஏன் பின்னாடியே போறீங்க?

— நான் போகல, தள்ளறாரு. நான் என்ன பண்ணப் போறேன்னு எனக்கு முன்னாடி அவருக்குத் தெரியுது.

— எந்திரிங்க தம்பி. எந்திரிச்சு அடிங்க.

— யா அல்லா. ரெண்டுக்கு ரெண்டு.

— அப்ப இன்னும் ஒண்ணுதான் பாக்கிங்களா?

— தண்ணி இருந்தா குடுங்கக்கா. கட்டக் கடைசி ஆட்டம். இதுல உட்டா போச்சு.

— இந்தாங்க. ஏசு, அல்லா, எங்க கூளியாயி, யாராவது ஒருத்தர் கண்ணத் தொறங்க.

— கொஞ்சந்தான் அவருக்கு உசுரு இருக்கு. ஒரே ஒரு அடி. ஒரே ஒண்ணு உழுந்தா போதும்.

— போடுங்க.

— போட்டுட்டேன். ஐயோ, தடுத்துட்டாரு.

— தம்பி.

— தடுத்துட்டாருக்கா.

— முடிஞ்சுதா? நீங்க கீழ உழுந்து கெடக்கறீங்க. எந்திரிக்க மாட்டேங்கறீங்க.

— முடிஞ்சுது. மூணு அவருக்கு.

— படுபாவி. கடைசி அடிய வேணும்னேதான உட்டீங்க?

— இல்லக்கா.

— நான் கால்ல உழுந்து கேக்காத குறையாக் கேட்டேன். உங்க கூட்டாளித்தனம்தான் பெருசாப் போச்சு. என்ர புருசன் கை அழுகிப் போனா நீங்க வந்து சோறு ஊட்டுவீங்களா? சொல்லுங்க, ஊட்டுவீங்களா?

— அக்கா, நான் உசுரக் குடுத்து ஆடுனேன். நம்பலீன்னா இருங்க, ரீப்ளே போட்டுக் காட்டறேன். யாரு எந்த பட்டன எப்ப அமுத்துனாங்கன்னு ஒண்ணு விடாம ஓரத்துல ஓடும். நான் எங்கயாவது அமுத்தாம உட்டிருந்தா உங்க கையால அடிங்க.

— காட்டுங்க.

— இந்தப் பக்கம் ஓடறது என்னுது. பாருங்க, நிக்குதா? ஒரு எடத்துலயாவது நிக்குதா?

— இல்லீங்க. கடகடன்னு ஓடுது.

— இப்ப நம்பறீங்களா?

— நம்பறேன். அப்ப தம்பி, அவரு நெசமாத்தான் உங்கள அடிச்சிருக்காரு.

— ஆமாக்கா.

— அப்ப கை நெசமாவே நல்லாயிருச்சா? டாக்டருதான் தப்பாச் சொல்லிட்டாரா? ஏனுங்க, அப்படியும் நடக்கும்ல?

— இருங்கக்கா. அண்ணன் பக்கத்தப் பாக்கறேன்.

— அதுல என்ன இருக்குது?

— நடக்கறதுக்கு ஒரு பட்டன், அடிக்கறதுக்கு ஒரு பட்டன். எடது கைல நடக்கறது, வலது கைல அடிக்கறது. எல்லாரும் நடந்துக்கிட்டேதான் அடிப்போம். ரெண்டும் ஒண்ணாத்தான் ஓடும், என்னுதப் பாருங்க.

— ஆமா, சோடி சோடியா வருது.

— அண்ணனதப் பாருங்க. நடக்கறாரு. விடறாரு. அப்புறம் அடிக்கறாரு. மறுக்கா நடக்கறாரு, விடறாரு, அடிக்கறாரு. அஞ்சு ஆட்டத்துலயும் ஒரு எடத்துலகூட ரெண்டும் சேந்து வரல.

— அப்படின்னா?

— கை ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்குப் போக நேரம் எடுக்குது. அதனாலதான் சங்கிலி அடி இல்ல. அதனாலதான் காத்திருக்காரு.

— தம்பி, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

— ஒரே கைக்கா. மொத்தத்தையும் ஒரே கைல ஆடியிருக்காரு.

— எந்தக் கை?

— அவர்தான் கூப்பிடறாரு. போன் அடிக்குது. நான் ஸ்பீக்கர்ல போடறேன். நீங்க சத்தம் காட்டாதீங்க. உங்க முன்னாடின்னா சொல்ல மாட்டாரு.

— டேய் அக்மலு. என்னடா, மூச்சு வாங்குதா?

— வாங்குதுண்ணா.

— நெசமா ஆடுனியா? அன்பு அங்கிட்டு வந்து உன்ன ஏதாச்சும் கெளப்பி உட்டாளா?

— நெசமாத்தாண்ணா ஆடுனேன். என்னால முடியல. நீங்க அடிச்சுட்டீங்க.

— போதும்டா. அந்த ஒரு வார்த்த போதும். இனி எவனும் கத்தியத் தூக்கிட்டு எங்கிட்ட வரக் கூடாது.

— அண்ணா, ரீப்ளே பாத்தேன்.

— பாத்துட்டியா.

— எந்தக் கைண்ணா?

— சத்தம் போடாத. பக்கத்துல ஆரும் இல்லியே? எடதுதான்டா. பட்டன் பொட்டிய மடில வெச்சு, எடது கையிலயே பழகிட்டேன். மொதல்ல ஒரு எழவும் வரல, ஒரு நாள் பூரா தோப்பேன். அப்புறம் மெதுவா வந்துச்சு. படி ஏற ஏற எனக்கே ஒரு நம்பிக்க வந்துருச்சு, அந்தக் கையும் உள்ளுக்குள்ள சரியாயிட்டு வருதுன்னு.

— அந்த மிசினுக்கு எந்தக் கைன்னா தெரியும்ணா? நீங்க ஜெயிச்சதத்தான அது சொல்லுது. அந்தக் கையப் பத்தி அது ஒண்ணுமே சொல்லலியே.

— தெரியும்டா. படிச்சவன் மாதிரி பேசாத. வெட்டறதுன்னா எனக்குப் பயமா இருக்குதுடா. அதான் நெசம். வெளிய சொல்ல வெக்கமா இருக்குது. ரிக்குல எரநூறு அடி, முந்நூறு அடி ராடு எறக்கறப்பக்கூட நான் பயந்தவன் இல்ல.

— வலது கை இப்ப எப்படிண்ணா இருக்கு? எங்கிட்ட மறைக்காதீங்க.

— கறுப்பு மணிக்கட்டு தாண்டிருச்சு. அன்புகிட்டச் சொல்லிராத, அவ தாங்க மாட்டா.

— அண்ணா, வண்டி எடுத்துட்டு இப்பவே வாரேன். இப்பவே போலாம்.

— எதுக்குடா அலையற? நீ நெனைக்கறாப்பல இல்ல. நாலு நாளா தூங்க உடாம உசுர எடுத்துச்சு பாரு, அந்த வலி காத்தால இருந்து சுத்தமா நின்னு போச்சு, இப்பக் கிள்ளுனாக்கூடத் தெரியறதில்ல.