மஞ்சள் வண்டிச் சாவி

சாவி அவன்கிட்டதாங்க இருக்கு. வந்துருவான். வர்ற வழியில ஆபீஸ்லருந்து திரும்பக் கூப்ட்டுட்டாங்களாம். அத்தான், ஒருத்தர் வண்டி பாக்க வராரு, நான் வர்ற வரைக்கும் பேசிட்டிருங்கன்னு போன் பண்ணான். நான் அவனோட அக்கா புருஷன். இந்தப் பக்கத்து ஷெட்டு என்னுது. நிக்காதீங்க, அந்த டயர் மேல உக்காருங்க, துடைச்சுத்தான் வெச்சிருக்கேன்.

ஆமா, கண்ணைப் பறிக்குதுதான். அந்த மஞ்சள் கலரே அப்படி. முதல் நாள் இதை ஓட்டிட்டு வந்தான் பாருங்க, தெருவே கூடிருச்சு. எதிர்த்தாப்ல ரொட்டிக் கடைக்காரர் கையில மாவோட ஓடி வந்தாரு. போட்டோ எடுக்கறவன் என்ன, கதவைத் தடவிப் பாக்கறவன் என்ன. இவன் நடுவுல நின்னுக்கிட்டு, ஏதோ இவனே பத்து மாசம் சுமந்த மாதிரி சிரிக்கிறான். என்னங்க பண்ணான் அவன்? ஒரு கையெழுத்துப் போட்டான். எவனோ கையைச் சுட்டுக்கிட்டு பிரிச்சு மாத்திக் கட்டின வண்டியை, இவன் ஏசி ரூம்ல உக்காந்து போன்ல பாத்துட்டு வாங்கிட்டான். அவன் வேலை என்னன்னு கேளுங்க. மத்தவங்க லீவு கேட்டா கொடுக்கலாமா வேணாமான்னு பாக்கற வேலை.

பொறாமையா? எனக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க.

நான் பழைய வண்டிங்களை வாங்கிப் பிரிச்சு பார்ட்ஸ் விக்கிறவன். படிப்பு ஏறல. கியர் பாக்ஸ் கழுவற வேலையில சேந்து, ஏமாந்து, அடிபட்டு, அப்புறமா நானே நாலு பேருக்கு வேலை கொடுக்கற அளவுக்கு வந்தவன். மார்க்கெட்டுல என் பேரே கறாரு. அப்பா வெச்ச பேரு பாதிப் பேருக்குத் தெரியாது. பேரம்னு வந்துட்டா சட்டையைப் பிடிக்கற வரைக்கும் போவேன், ஆனா ஒரு வார்த்தை வாயிலருந்து விழுந்துச்சுன்னா விழுந்ததுதான். பில்லு கிடையாது, பத்திரம் கிடையாது. உனக்குத்தான் இந்த இன்ஜின்னு ஒருத்தன்கிட்ட சொல்லிட்டா, அடுத்தவன் தலைகீழா நின்னாலும் மாத்த மாட்டேன். அது ஒண்ணை வெச்சுத்தான் பொழைக்கிறேன். சரி, என் கதை எதுக்கு. வண்டியைப் பாருங்க.

குனிங்க. இன்னும் குனிங்க. தரையோட தரையா நிக்குதுல்ல, பாயப்போற புலி மாதிரி இருக்கு அத்தான்பான். புலியாவது ஒண்ணாவது. ஸ்பிரிங்கை அறுத்து விட்டிருக்காங்க. தாழ்வா நிக்கணும்னா அதுக்குன்னே ஸ்பிரிங் இருக்கு, வாங்கிப் போடணும். வண்டியை மாத்தினவனுக்கு அதுக்குப் பொறுமையில்ல. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சீங்கன்னா டயர் உள்ள உரசும். இந்த இடத்துல விரலை வைங்க. உரசித் தேஞ்சு வழவழன்னு இருக்கா? அதான்.

பின்னாடி றெக்கையா? முன்சக்கரம் இழுக்கற வண்டிக்குப் பின்னாடி எதுக்குங்க றெக்கை? துணி காயப் போடலாம்.

பானட்டு மேல அந்த மேடு காத்து போறதுக்குன்னு அவன் சொன்னானா? அவனுக்கு யாரோ சொன்னது. உள்ள பெரிய இன்ஜினைத் திணிச்சிருக்காங்க, பானட்டு மூடல. ஒரு ஓட்டையைப் போட்டு மேல ஒரு மூடியைக் கவுத்துட்டாங்க. முடிஞ்சுது. எனக்கும் இதே கூத்துதான் நடந்துச்சு. நானே கட்டின என் வண்டியில பெரிய இன்ஜினை இறக்கி, எல்லாம் முடுக்கி, பானட்டைச் சாத்தினா, ஒரு விரல் தடிமனுக்கு இடிக்குது. நானும் ஓட்டை போட்டிருக்கலாம். போடல. திரும்ப எல்லாத்தையும் கழட்டினேன். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டி வீட்ல கிடந்துச்சு, அதுல அளவு வெட்டி வெட்டி வெச்சுப் பாத்து, இன்ஜின் உக்கார்ற தாங்கியை முதல்லருந்து செஞ்சேன். அந்த ஒரு விரல் தடிமனுக்கு ஒரு வருஷம் போச்சு. என் பொண்டாட்டி, தலைகாணியெல்லாம் கிரீஸு, நீங்க அந்த ஷெட்லயே படுத்துக்கோங்கன்னுட்டா.

நீங்க சொல்றது சரிதான். வேலைக்குப் போறவருக்கு நேரம் எங்க இருக்கு? நான் ஒத்துக்கறேன். கணக்குப் பாத்தா ரெடியா இருக்கறதை வாங்கறவன்தான் புத்திசாலி. நாமே கட்டினா காசு அதிகம், காலம் அதிகம், வீட்ல திட்டு அதிகம். எல்லாம் தெரியும். ஆனா இதுக்குப் பதில் சொல்லுங்க. இப்படி வாங்க, கண்ணாடி இறக்கித்தான் இருக்கு, தலையை விட்டுப் பாருங்க. ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு சிவப்பு பட்டன் தெரியுதா? அது எதுக்கு?

தெரியாது. அவனுக்கும் தெரியாது. இவ்ளோ நாளா ஓட்டுறான், அதை அமுக்க அவனுக்கு தைரியம் இல்ல. என் பொண்ணு ஒருதடவை கையை வெக்கப் போனா, அடியே வேணாம்னு கத்திட்டான். இதை மாத்தினவன் எந்த ஊருக்குப் போயிட்டானோ, அவன் மண்டைக்குள்ள இருக்கு பதிலு. கையால கட்டின எந்த வண்டிக்கும் ஒரு வீம்பு இருக்குங்க. ஒண்ணு இடப்பக்கம் இழுக்கும், ஒண்ணு மழை பேஞ்சா முனகும். கட்டினவன் கைக்கு மட்டும்தான் அது அடங்கும். வாங்கறவன் வண்டியைத்தான் வாங்குவான், அந்தக் கையையா வாங்குவான்?

என்னுதா? அதோ, அந்தத் தார்ப்பாய்க்கு அடியில. அப்புறம் காமிக்கிறேன்.

இல்லங்க, காமிக்கக் கூடாதுன்னு ஒண்ணுமில்ல. மனசு கசக்குது, அவ்ளோதான். வண்டி வந்த அன்னிக்கு இன்னொண்ணும் நடந்துச்சு. என் பொண்டாட்டி என் ஷெட்டுப் பக்கமே எட்டிப் பாக்காதவ, தம்பி வண்டியைச் சுத்திச் சுத்தி வந்து முன் சீட்டுல ஏறி உக்காந்துட்டா. ஒரு ரவுண்டு போயிட்டு வந்தா. முடியெல்லாம் பறந்து கிடக்கு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறா. கல்யாணம் ஆன புதுசுல பாத்த சிரிப்பு அது. நான் கையில ஸ்பானரோட நிக்கறேன். என் வண்டியில ஒருநாளும் உக்காரலையேடின்னு கேட்டேன். சீட்டே இல்ல, பக்கெட்டைக் கவுத்துப் போட்டு உக்காரட்டுமான்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. அவன்தான் ஜாஸ்தியா சிரிச்சான்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை என் இன்ஜின் உயிர் வந்துச்சு. முதல் தடவை. ஒரே திருகு, பிடிச்சுக்கிச்சு. அந்தச் சத்தம் இருக்கே, எப்படிச் சொல்றது, தண்ணி கொதிக்க ஆரம்பிக்குமே, அந்த மாதிரி அடக்கமா, ஒரே சீரா. ஏய் இங்க வாங்கன்னு உள்ள ஓடினேன். வீட்ல ஒருத்தர் இல்ல. பொண்டாட்டி, பொண்ணு, எல்லாரும் மஞ்சள் வண்டியில ஏறி ஊர் சுத்தப் போயிட்டாங்க. திரும்பி வந்து நின்னப்ப, அவனோட சைலன்சர் போட்ட கூச்சல்ல என் வண்டி ஓடிட்டிருக்கறதே யாருக்கும் கேக்கல.

டீ சொல்லட்டா? வேணாமா. சரி.

என்ன கேட்டீங்க? திரும்பச் சொல்லுங்க.

நல்லா இருக்குங்க. இவ்ளோ நேரம் தொண்டை வறளக் கத்தினது என்ன? கட்டின வண்டியை வாங்காதீங்க, நீங்களே கட்டுங்கன்னு. நீங்க என்னடான்னா, அப்ப உங்க வண்டியைக் கொடுங்கன்னு கேக்கறீங்க. விலை சொல்லாதீங்க. வேணாம், வாயைத் திறக்காதீங்க. நீங்க ஒரு விலை சொன்னீங்கன்னா என் புத்தி சும்மா இருக்காது, பதில் விலை சொல்லிரும்.

உங்களுக்குக் கொடுக்க முடியாதுங்க. யாருக்கும் கொடுக்க முடியாது. ஏன்னா, அது பேசி முடிஞ்சுபோச்சு.

யாருக்குன்னா, இவனுக்குத்தான். என் மச்சினனுக்கு.

போன மாசம் சொந்தக்காரங்க எல்லாம் வீட்ல சாப்பிட உக்காந்திருந்தோம். இவன் ஆரம்பிச்சான். அத்தான், உங்க வண்டி அமைதியா ஓடுது, எனக்கு இந்தச் சத்தம் அலுத்துப்போச்சு, இதை வித்துட்டு உங்களுதை எடுத்துக்கட்டுமான்னான். கடையில சட்டையை மாத்திக் கேக்கற மாதிரி. ரெடியா இருக்கறதாப் பாத்துப் பாத்துதான் அவனுக்கு ஆசை வரும். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிருச்சு. சோத்துக் கையை நீட்டி, உன் தகர டப்பாவை எந்தக் கிறுக்கன்டா வாங்குவான், முதல்ல அதை வித்துக் காட்டு, வித்த அன்னிக்கே என் வண்டிச் சாவியை உன் கையில வெக்கிறேன், விலைகூட நீ சொல்றதுதான்னுட்டேன். அத்தனை பேருக்கு முன்னாடி. என் பொண்டாட்டி சாப்பிடறதை நிறுத்திட்டு என்னைப் பாத்தா. அவளுக்குத் தெரியும், நான் சொன்னா சொன்னதுதான்னு. அவன் அன்னிக்கே விளம்பரம் போட்டுட்டான்.

கோவிச்சுக்காதீங்க. அந்தக் கிறுக்கன் நீங்கதான்.

அதனாலதான் இவ்ளோ பேச்சு. ஆனா ஒண்ணு, நான் சொன்ன குறை ஒண்ணுகூடப் பொய் இல்ல. ஸ்பிரிங்கு, மேடு, பட்டன், எல்லாம் நீங்களே கண்ணால பாத்தது. பொய் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன்.

என்ன யோசிக்கிறீங்க? இவ்ளோ கேட்டப்புறமும் ஓட்டிப் பாக்கணுமா? ஸ்பிரிங்கை மாத்திக்குவீங்களா? ம். உரசற டயரு, அமுக்காத பட்டன், எல்லாம் சேந்துதான் பிடிச்சிருக்கா? உங்களைத் தடுக்க முடியாது போல. என் வாயாலயே உங்களுக்கு ஆசை காட்டிட்டேன்னு நினைக்கிறேன்.

இந்தாங்க. சாவி காலையிலருந்து என் பையிலதான் இருக்கு. ஸ்டார்ட் பண்ணிக் காமிங்க அத்தான்னு கொடுத்துட்டுத்தான் போனான். மூணு தடவை திருகினாத்தான் எடுக்கும், பதறாதீங்க.

என் வண்டி அப்படி இல்ல, ஒரே திருகு. ரெண்டாவது கியருக்கு மட்டும் லீவரை லேசா இடப்பக்கம் சாய்ச்சுத் தள்ளணும். இல்லன்னா ஊரே திரும்பிப் பாக்கற மாதிரி அலறும். சாவியைக் கொடுக்கறேன்னு நான் வார்த்தை கொடுத்திருக்கேன், கொடுத்துருவேன். கியர் எப்படிப் போடணும்னு சொல்லித் தரேன்னு யார்கிட்டயும் வார்த்தை கொடுக்கல.