ஜாபர் பாயின் இடது கால்

வல்லாரையைத் தண்டோடு அரைத்தால் கசக்கும். இலையை மட்டும் கிள்ளி, ரெண்டு தடவை அலசி, துளி சீரகம் வைத்து அரைக்கணும். கிள்ளான் பாசாரில், சந்தையில்தான், மலாய்க்கார அக்காமார் பெகாகா என்று கட்டுக்கட்டாக விற்பார்கள். விடியுமுன் போனால் மண் ஈரத்தோடு கிடைக்கும். ஜாபர் பாய்க்காக நான்தான் போய் வாங்கினேன், நான்தான் அரைத்தேன். வாக்குமூலத்தில் இதை முதலில் சொல்லிவிடுகிறேன் மேடம். எங்கள் கிச்சன் மலர்விழி உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பாள்.

கல்யாணச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கும் கேட்டரிங்கில் நான் சூப்பர்வைசர். முதலாளி பிரிக்ஃபீல்ட்ஸ் கடையோடு சரி. கிள்ளான் கிச்சன் முழுக்க என் தலையில். ஜாபர் அலி எங்கள் பிரியாணி மாஸ்டர். ராமநாதபுரம் பக்கத்து ஆள், வேலை பெர்மிட்டில் வந்தவர். அண்டா மாதிரி மூன்று தேக்சா அடுப்பில் ஏறினால் மூன்றுக்கும் நடுவில் நின்றபடியே தம் போடுவார். அடுப்படியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தால் நெருப்பு ஏமாற்றிவிடும் என்பார்.

அப்படி நிற்கிற ஆளுக்குக் கால் வீங்குவது பெரிய விஷயமில்லை. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நானும் இருபது வயசுவரை தூக்கினேன். என் கெண்டைக்காலைப் பாருங்கள், நீலமாகச் சுருண்டு சுருண்டு கிடக்கும். நரம்பு சுருட்டல் என்போம். ஒரு காலத்தில் இது மாலையானால் கடுக்கும். வல்லாரை குடித்தேன், ராத்திரி காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தேன், கடுப்பு குறைந்தது. அதனால் கால் வலிக்கிறது என்று பாய் சொன்னதும் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். யாராக இருந்தாலும் செய்வார்கள்.

குறையவில்லை. இடது கால் மட்டும் ஊதிக்கொண்டே போனது. தொட்டால் சூடு. வெங்காயம் நறுக்குகிற மலர்விழிக்கு வாய் சும்மா இருக்காது.

"பாய், அந்தக் காலை வெட்டிப் போட்டா ஒரு தேக்சா தேறும் போலிருக்கே."

"எலும்பு ஜாஸ்திக்கா. கிரேவிக்குத்தான் ஆகும்," என்றார் பாய்.

ரெண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, விளையாட்டு இல்ல. டாக்டர்கிட்ட காட்டுங்க," என்றாள். காட்டினேன். அவர் தனியாகப் போயிருக்க முடியாது. மலாய் அவருக்குச் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் வரும், இங்கிலீஷ் அதுவும் இல்லை. பாஸ்போர்ட் என் மேசை டிராயரில் இருந்தது. வெளிநாட்டு ஆளுக்கு உடம்பு முடியவில்லை என்றால் சூப்பர்வைசர் கூடப் போவதும், டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வதும் எங்கள் தொழிலில் வழக்கம். எத்தனையோ பேருக்குப் பேசியிருக்கிறேன்.

சின்ன வயசு மலாய்க்காரப் பெண் டாக்டர். ரெண்டு காலையும் டேப் வைத்து அளந்தார். கெண்டையை அழுத்தியதும் பாய் பல்லைக் கடித்தார். டாக்டர் என்னைப் பார்த்து மலாயில் ரொம்ப நேரம் பேசினார். நான் பாயிடம் சொன்னேன்: "நரம்பு சுருட்டல்தான். நின்னு நின்னு வந்தது. வல்லாரையை விடாமக் குடிக்கச் சொல்றாங்க. ராத்திரி எண்ணெய் போட்டு நல்லா நீவி விடணுமாம்."

"புரிஞ்சதா அவருக்கு?" என்று டாக்டர் கேட்டார். நான் தலையாட்டினேன். நான் ஆட்டியதைப் பார்த்துப் பாயும் ஆட்டினார்.

காரில் வரும்போது அவர் கேட்டார், "அண்ணே, அந்தப் பொண்ணு அவ்வளவு நேரம் பேசுச்சே. நீங்க ரெண்டே வரியில முடிச்சிட்டீங்களே?"

"டாக்டருங்க அப்படித்தான் பாய். படிச்ச படிப்பு வீணாகக் கூடாதுன்னு நீட்டுவாங்க லா."

அதற்கும் சிரித்தார். நல்ல மனுஷன்.

டாக்டர் உண்மையில் சொன்னது இது. பெகாகா சாதாரண வீக்கத்துக்கு உதவலாம், தானும் சோற்றோடு சாப்பிடுவதாகச் சொன்னார், மருந்துபோல் மாசக்கணக்கில் குடித்தால் மட்டும் ஈரலையும் சோதித்துப் பார்க்கணும். ஆனால் இவருக்கு இருப்பது அந்த வீக்கம் இல்லை. உள்ளே ஆழத்தில் ரத்தம் கட்டியிருக்கும் போலிருக்கிறது. அதை எந்த இலையும் கரைக்காது. இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்து, ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடணும். அதுவரை காலைத் தேய்க்கவே கூடாது. கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் ஆளே போய்விடுவார். நானே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணட்டுமா என்றுகூடக் கேட்டார். வேண்டாம், நேராக அங்கேதான் கூட்டிப்போகிறேன் என்றேன்.

எனக்கு மலாய் நன்றாகப் புரியும் மேடம். அதில் குழப்பம் ஒன்றும் இல்லை.

அந்த வாரத்திலிருந்து மூன்று கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தோம். ஒரு வீட்டுக் கல்யாணத்தில் சோறு குழைந்தால் கிள்ளான் முழுக்க அதையே பேசுவார்கள். கிச்சனில் பதினோரு பேர் இந்த வேலையை நம்பி இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி என்றால் படுக்க வைத்துவிடுவார்கள். மூன்று கல்யாணம் முடியட்டும், நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று முடிவு செய்தேன். கெடுக்கணும் என்ற எண்ணம் எனக்குத் துளியும் கிடையாது.

நீவி விட்டதைப் பற்றி மலர்விழி சொல்லியிருப்பாள். ஆமாம், நீவினேன். டாக்டர் நீவச் சொன்னதாக நான் சொல்லியாயிற்று. நீவாமல் விட்டால் அவருக்குச் சந்தேகம் வராதா? கடைசி தேக்சாவைக் கழுவிக் கவிழ்த்ததும் பாய் தங்கியிருந்த மாடிக்குப் போவேன். வல்லாரை போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, கணுக்காலிலிருந்து முட்டிவரை இரண்டு கையாலும் தேய்ப்பேன். அவர் கூச்சப்பட்டார். "வயசுல மூத்தவரு, நீங்க போய் என் காலைப் பிடிக்கிறீங்களே அண்ணே. என் தம்பிகூட இப்படிச் செஞ்சதில்ல," என்றார். வலிக்கும்போது மட்டும் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். எந்த சூப்பர்வைசர் ஒரு வேலைக்காரன் காலைப் பிடித்து நீவுவான், சொல்லுங்கள்.

முதல் கல்யாணம் நடந்தது. இரண்டாவதும் நடந்தது. மூன்றாவதில் அவர் நொண்டினார். அடுப்புப் பக்கம் ஒரு ஸ்டூல் போடச் சொன்னேன், அவர் உட்காரவில்லை. அன்று சாயங்காலம் ஷா ஆலமிலிருந்து ஒரு பெண் வீட்டார் போன் செய்தார்கள். அவர்கள் பேசிவைத்த சமையல் ஆள் கைவிட்டுவிட்டானாம், ஞாயிற்றுக்கிழமை ஆயிரம் பேராம். சரி என்றேன். முதலாளியைக் கேட்கவில்லை. நாலாவதை ஒப்புக்கொண்டது நான்தான்.

"பாய், ஞாயித்துக்கிழமை இன்னொண்ணு இருக்கு. முடியுமா?" என்று கேட்டேன். கேட்காமல் செய்யவில்லை.

"டாக்டர்தான் நரம்பு சுருட்டல்னு சொல்லிட்டாங்களே. அதுக்குப் போய் படுக்க முடியுமா? நான் பாத்துக்கிறேண்ணே," என்றார்.

ஞாயிறு காலை மற்றவர்கள் பந்தி வேலைக்கு மண்டபம் போய்விட்டார்கள். கிச்சனில் நானும் அவரும் மட்டும். மூன்று தேக்சாவிலும் தம் போட்டு மூடிமேல் கரி அள்ளி வைத்திருந்தார். லோரி வாசலில் நின்றது. அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, மூச்சு உள்ள போக மாட்டேங்குது," என்றார். உதடு கறுத்திருந்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. டாக்டர் சொன்னது அப்படியே என் காதில் கேட்டது. போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தால் வாசலை அடைத்துக்கொள்ளும். லோரி நகராது. தேக்சாவைத் தூக்க ஆள் கிடைக்காது. ஆயிரம் பேர் இலை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் குனிந்து, "பாய், தம் எப்ப உடைக்கணும்?" என்று கேட்டேன்.

அவர் வலது கையைத் தூக்கி, விரல்களை விரித்து என் பக்கம் நீட்டினார். என்னைப் பிடி என்றிருக்கலாம். போன் பண்ணு என்றிருக்கலாம். இன்னும் கொஞ்சம் பொறு என்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். பொறுத்தேன். பக்கத்தில் உட்காரவில்லை, அடுப்பருகே நின்றேன். நீட்டிய கை இறங்கியது. பிறகு மூடியைத் திறந்து பார்த்தேன். சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றது. லோரிக்கார அண்ணனையும் பக்கத்துக் கடை ஆட்கள் இருவரையும் கூப்பிட்டுத் தேக்சாக்களை ஏற்றினேன். மாஸ்டர் அசதியில் தூங்குகிறார், சத்தம் போடாதீர்கள் என்றேன். லோரி முனை திரும்பிய பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

வந்தவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டு உயிர் இல்லை என்றார்கள், எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள். இப்போதுதான் என்றேன். அது பொய். மற்றதெல்லாம் நான் சொன்னபடிதான் மேடம், எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் பேச்சை மாற்றிச் சொன்னது நான். தேய்க்கக் கூடாது என்று தெரிந்தே தேய்த்தது நான். மூச்சுத் திணறியவரைப் பார்த்துக்கொண்டே நின்றது நான்.

ஆனால் அன்றைக்கு மண்டபத்தில் சாப்பாட்டை ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை. பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார். அதில் பாதிப் பெருமை ஜாபர் பாய்க்குத்தான் என்று நான் மறக்காமல் சொன்னேன்.