கொட்டகைக்கு அளவெடுத்த நாள்

— அறுபத்தேழாயிரத்து நானூறு, அண்ணே. டிராக்டர் இன்ஜின் வேலைக்கு எங்க வீட்டுக்காரரு உங்களுக்கு வச்சிட்டுப் போன பாக்கி. அதப் பேசாம டேப்ப நீட்டிட்டு நிக்கிறீங்க.

— கணக்கு எங்க ஓடிடப் போவுது. அந்த முனைய சுவத்தோட ஒட்டிப் பிடிம்மா.

— பிடிச்சிருக்கேன். எவ்வளவு?

— இருபத்திரண்டடி. ஒர்க்‌ஷாப்புக்குப் போதும். பழைய டிராக்டர் ரெண்டு நிக்கும். ஒண்ண நடுவுல பிரிச்சா முன்பக்கம் இங்க, பின்பக்கம் அங்க...

— பிரிக்கிறதுக்கு ஒரு நாள். சேக்கறதுக்கு ஆறு மாசம் இழுப்பீங்க.

— வாய் மட்டும் குறையல உனக்கு. இங்க குழி. ஆள் நின்னுக்கிட்டே அடிவேலை பாக்கற ஆழம். மேல இரும்பு கர்டர், இன்ஜினத் தூக்க செயின் பிளாக்... மாசம் நாலாயிரம் வாடகை உன் கையில குடுத்துடறேன்.

— உங்க வீட்டுலயே எடம் சும்மா கெடக்கு. எங்க கொல்லப்பக்கம் எதுக்கு?

— நீயும் புள்ளைங்களும் தனியா...

— அண்ணே.

— சரி. மொத வேலையா இந்த டிராக்டர எடுத்துக்கலாம்னு பாத்தேன். மூணு மாசமா தார்ப்பாய் மூடியே வச்சிருக்க.

— அவரு மேல கவுந்த வண்டி. அத ஓட வச்சு யார ஏத்தப் போறீங்க?

— வித்துடலாம். பாக்கியும் கழிஞ்சிடும்.

— பழைய இரும்புக்காரர் நாளைக்கு வர்றாரு. எடைக்குப் போட்டுடறேன்.

— நாளைக்கா... வேணாம். நான் ஒரு தடவ பாத்துடறேன்.

— என்னத்த?

— பிரேக்க.

— நீங்கதானே ஓட்டிப் பாத்துக் குடுத்தீங்க.

— அதான்... வயல்ல ஒடிச்சுத் திருப்பறதுக்காக ரெண்டு பிரேக் பெடலையும் சேக்கற கொக்கியக் கழட்டினேன். அதுக்குள்ள அவரு வந்து அவசரம்னு நின்னாரு. அப்படியே குடுத்து அனுப்பிட்டேன். திருப்பி மாட்டினேனா இல்லையான்னு... நெனப்பே இல்ல. மாட்டாம ரோட்டுல வேகமா மிதிச்சா ஒரு சக்கரம் மட்டும் பிடிக்கும். வண்டியத் தூக்கி அடிச்சிடும்.

— ம்.

— கண்ண மூடினா அந்தக் கொக்கிதான் நிக்குது.

— தார்ப்பாய விலக்குங்க.

— நீ இங்கயே...

— விலக்கிப் பாருங்கண்ணே.

— ...மாட்டித்தான் இருக்கு. இங்க பாரு. ஆட்டினாக்கூட வரல. மாட்டியிருக்கேம்மா நான்... மறக்கல...

— கண்ணத் துடைங்க. புள்ளைங்க பாக்குது.

— இனிமே எங்க சொன்னாலும் கொட்டகையப் போடறேன். வாடகை அஞ்சாயிரமா வச்சுக்க.

— உங்க வீட்டுலயே போட்டுக்கங்க. அந்தப் பாக்கிய மட்டும் நோட்டுல அடிச்சிடுங்க.

— அத நான் எப்பவோ விட்டுட்டேன்.

— நீங்க விட வேணாம். அது தீந்துபோச்சு. கவுந்த எடத்துல அவர வெளிய எடுத்தப்போ அந்தக் கொக்கி கழண்டு தொங்கிட்டு இருந்துச்சு. கூட்டம் அதப் பாக்கறதுக்குள்ள நான்தான் மாட்டினேன்.